ரேஞ்சர் கிளாஸை மாத்தி எழுதணும்னா: டேமேஜ் அப்புறம், முதல்ல காடு

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்குற, மேஜையில உக்காந்து டைஸ் உருட்டி கதை ஆடுற கேம்ல 2014 ரூல்ஸ் வச்சு ஒரு கேம்பெய்ன் (தொடர்கதை) ஓடுது, முக்கால்வாசி காடு மலைன்னு அலையுற கதை. ஒருத்தர் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர் கிளாஸ், அதாவது கேரக்டர் வகை), அதுல பீஸ்ட் மாஸ்டர்ங்குற சப்கிளாஸ் (உட்பிரிவு), கூட ஒரு ஓநாய், இப்ப அஞ்சாவது லெவல். காட்டுல நடக்குற கதைலயே அவருக்கு வேலை இல்லாத மாதிரி இருக்கு, ஒளியுற வேலைய ரோக் (திருடன் கிளாஸ்) பாத்துக்குறார், காட்டு சமாச்சாரத்த ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி கிளாஸ்) பாத்துக்குறார், அதனால கிளாஸை ரீடிசைன் பண்ணணும், டேமேஜ் எவ்வளவு ஏத்தலாம்?

டேமேஜ் ஏத்தாதீங்க. ஏன்னு கணக்கு போட்டே காட்டுறேன், ஏன்னா ரேஞ்சர் வீக்குன்னு எல்லாரும் பல வருஷமா சொல்லி சொல்லி அதை யாரும் சரிபாக்குறதே இல்ல.

அஞ்சாவது லெவல் ரேஞ்சர், டெக்ஸ் (சுறுசுறுப்பு) 18, லாங்போ வில், ஆர்ச்சரி ஸ்டைல். அட்டாக் ரோல்ல +9 வரும். எதிரியோட ஏசி, அதாவது அடி பட ரோல் தொட வேண்டிய எண், 15னு வைங்க, அந்த லெவலுக்கு அதுதான் சாதாரணம். 20 பக்க டைஸ்ல 6 விழுந்தாலே அடி, அதாவது 75 சதவீதம். ஒரு அம்புக்கு டி8+4 (எட்டுப் பக்க டைஸ், கூட 4), சராசரி 8.5, ரெண்டு அம்புக்கு சதவீதத்தோட பாத்தா 12.75. இதே வில்லோட ஒரு ஃபைட்டர் நின்னாலும் அவருக்கும் இதே 12.75தான், ஆக்ஷன் சர்ஜ்னு கூடுதலா ஒரு ஆக்ஷன் எடுக்குற ரவுண்ட தவிர. ரேஞ்சர் அந்த எதிரி மேல ஹன்டர்ஸ் மார்க்ங்குற மந்திரத்த போட்டா ஒவ்வொரு அடிக்கும் ஒரு டி6, அது ஒரு 5.25. ஹன்டர் சப்கிளாஸ்னா கொலாசஸ் ஸ்லேயர்ங்குற அம்சம் இன்னொரு 4.2. மொத்தம் 22க்கு மேல போகுது, கிரிட்டிகல் கணக்கு சேக்காமலே. இது வீக்கான கிளாஸ் இல்ல. அந்த லெவல்ல ஃபைட்டர் பக்கத்துல தைரியமா நிக்கலாம்.

அப்ப பிரச்சனை எங்க? ரேஞ்சரோட முதல் லெவல் அம்சங்கள பொறுமையா படிச்சு பாருங்க. நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு. எட்டு வகை நிலத்துல ஒண்ணை தேர்ந்தெடுக்கணும், காடுன்னே வைங்க. அதுக்கப்புறம் காட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணா, கரடுமுரடான தரை உங்க கூட்டத்த மெதுவாக்காது, மந்திரத்தால ஒழிய யாரும் வழி தவற மாட்டாங்க, சாப்பாடு தேடினா வழக்கமா கிடைக்குறதுல ரெண்டு மடங்கு கிடைக்கும். கேக்க ரொம்ப நல்லா இருக்கு இல்லையா, ஆனா ஆட்டத்துல இது என்ன பண்ணுதுன்னு யோசிங்க. வழி தப்புற சீன் போச்சு, பசி போச்சு, சேத்துல மாட்டிக்குற சீன் போச்சு. டிஎம், அதாவது கதைய நடத்துறவர், "மூணு நாள் நடந்து போய் சேந்துட்டீங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவார், முடிக்காம வேற என்ன பண்றது, ரூலே அப்படித்தான் சொல்லுது. காட்டுக்காக ஒருத்தர் கேரக்டர் உருவாக்குறார், அவர் இருக்குறதாலயே காடு மேஜைலேர்ந்து காணாம போகுது. பாலைவனத்துக்கு போனா நேர் எதிர், அங்க அந்த அம்சம் எதுவுமே வேலை செய்யாது, சாதாரண ஆள். ஒண்ணு எல்லாத்தையும் தாண்டி குதிக்குறார், இல்லனா ஒண்ணும் இல்ல, நடுவுல விளையாட்டுன்னு எதுவும் நடக்கல.

ஃபேவர்ட் எனிமியும் இதே குணம்தான். 13 வகையில ஒண்ணு, இல்லனா மனித உருவ இனங்கள்ல ரெண்டு. முதல் நாள், கதை எங்க போகும்னே தெரியாதப்ப, "என் ஜென்ம எதிரி அன்டெட்"னு (செத்தும் நடமாடுற வகை) எழுதிக்கணும். அன்டெட் வந்தா தடம் பாக்குறதுக்கும் அதப்பத்தி ஞாபகப்படுத்திக்குறதுக்கும் அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி பெருச எடுத்துக்குறது), ஒரு பாஷையும் தெரியும். வராட்டி அந்த வரி ஷீட்ல சும்மா கிடக்கும். மூணாவது லெவல்ல வர்ற பிரைமீவல் அவேர்னஸ் இன்னும் கொடுமை. ஒரு ஸ்பெல் ஸ்லாட் (அளவா கிடைக்குற மந்திர வாய்ப்பு) செலவு பண்ணா ஒரு மைலுக்குள்ள டிராகன், ஃபியன்ட் மாதிரி வகையறா ஏதாவது இருக்கா இல்லையான்னு தெரியும், உங்களுக்கு பிடிச்ச நிலம்னா ஆறு மைல். எங்க இருக்கு, எத்தனை இருக்கு, எதுவும் தெரியாது. ஆறு மைல் வட்டத்துல எங்கயோ ஒரு டிராகன் இருக்குன்னு தெரிஞ்சு ஒரு பார்ட்டி (பிளேயர் கூட்டம்) என்னதான் முடிவெடுக்கும்?

இதுக்கு நடுவுல ரோக் ஒண்ணாவது லெவல்லயே சர்வைவல்ங்குற காட்டுத் திறமைல எக்ஸ்பர்ட்டீஸ் (ரெட்டிப்பு போனஸ்) எடுத்துக்கலாம், எந்த நிலமா இருந்தாலும் எந்த எதிரியா இருந்தாலும் அதோட தடம் பாக்கலாம், ரேஞ்சருக்கு அந்த ரெட்டிப்பு பிடிச்ச நிலத்துல மட்டும்தான். ஆக்ஷன் செலவில்லாம ஒளியுறது ரோக்குக்கு ரெண்டாவது லெவல், ரேஞ்சருக்கு அதே விஷயம் வேனிஷ்னு பேர் வச்சு 14ல வருது! உங்க ஆளு சொல்றது நியாயமான வருத்தம், அதை அம்பு டேமேஜ் கூட்டி சரி பண்ண முடியாது.

கொஞ்சம் பின்னால போய் பாத்தா இது ஏன் இப்படி ஆச்சுன்னு புரியும். இந்த கிளாஸ் முதல்ல வந்தது 1975ல, தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூங்குற பத்திரிகையில, ஜோ ஃபிஷர் எழுதினது. டோல்கீனோட அரகார்னை அப்படியே பாத்து எழுதினது, அதனாலதான் பெரிய லெவல்ல தூரத்துல இருக்குறத பாக்குற மந்திரக்கல் மாதிரி பொருட்களக்கூட பயன்படுத்தலாம்னு ஒரு ரூல் இருந்துச்சு. 1978 புத்தகத்துல முதல் லெவல்லயே ரெண்டு டி8 ஹிட் டைஸ் (உயிர் அளவுக்கு உருட்டுற டைஸ்), ராட்சச வகை எதிரிங்க மேல லெவலுக்கு ஒரு பாயின்ட் கூடுதல் டேமேஜ், மூணு ரேஞ்சருக்கு மேல ஒண்ணா சேந்து வேலை செய்யக்கூடாது. அதுல ஒரு தெளிவு இருந்துச்சு, நாகரிகத்தோட எல்லையில காவல் நிக்குற தனி ஆள். 1989ல ரெண்டு கையிலயும் கத்தி வந்துச்சு, 2003ல வில்லா ரெட்டைக் கத்தியான்னு தேர்வு வந்துச்சு, 2008 பதிப்புல மந்திரமே கிடையாது, சுத்தமா அடிக்குற ஆள், யாரை வேட்டையாடுறேன்னு சுட்டிக்காட்டி கூடுதல் டைஸ் உருட்டுவார். ஒவ்வொரு பதிப்பும் ஒரு பொருளை மூட்டையில சேத்துச்சு. 2014ல எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வச்சாங்க, மிருகம், மந்திரம், வில், கத்தி, எதிரி, நிலம். ஆனா மேஜையில இவர் என்ன முடிவெடுக்குற ஆள்ங்குற கேள்விக்கு பதில் எழுதாமலே விட்டுட்டாங்க.

இந்த கேமை வெளியிடுற விசார்ட்ஸ் கம்பெனியே இதை சும்மா விடல, திரும்ப திரும்ப தொட்டு பாத்தாங்க, அதையெல்லாம் பாக்குறது உங்களுக்கு ரொம்ப உதவும். 2015ல ஒரு சோதனை வடிவம், லெவலுக்கு ரெண்டு டி6 ஹிட் டைஸோட. 2016 செப்டம்பர்ல ரிவைஸ்ட் ரேஞ்சர், இன்னிக்கும் நிறைய மேஜையில இதைத்தான் ஓட்டுறாங்க. அதுல நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் நிலத்துக்கு கட்டுப்படாம எல்லா இடத்துலயும் வேலை செய்யும், இனிஷியேட்டிவ்ல (யார் முதல்லங்குற ரோல்) அட்வான்டேஜ், முதல் டர்ன்ல இன்னும் அசையாத எதிரி மேல அடிக்க அட்வான்டேஜ், எதிரி வகை மேல +2 டேமேஜ். சண்டைக்கு அருமை. ஆனா இதெல்லாமே ஒண்ணாவது லெவல்ல கிடைக்குது, அதனால யாரா இருந்தாலும் ஒரே ஒரு லெவல் ரேஞ்சர் எடுத்துட்டு வேற கிளாஸுக்கு ஓடிடலாம். தவிர வழி தவறாது, சாப்பாடு தானா கிடைக்கும்ங்குற பழைய வியாதி அப்படியே இருந்துச்சு, இன்னும் சொல்லப்போனா இப்ப எல்லா நிலத்துக்கும் பரவிடுச்சு.

2020ல டாஷாஸ்ங்குற துணைப் புத்தகத்துல மாற்று அம்சங்கள் வந்துச்சு. அதுல மிருகத்துக்கு செஞ்சது உண்மையிலயே நல்ல வேலை, அதை கீழ எடுத்துக்கப்போறோம். ஃபேவர்ட் ஃபோன்னு ஒரு டி4 குடுத்தாங்க, அதுக்கும் கான்சன்ட்ரேஷன் (இது வேண்டிய விஷயங்கள்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும்) வேணும்னுட்டாங்க, அது ஏமாற்றம். 2024 புத்தகத்துல மொத்த கிளாஸையும் ஹன்டர்ஸ் மார்க் மேல கட்டிட்டாங்க, இலவசமா ரெண்டு தடவைல ஆரம்பிச்சு ஆறு தடவை வரைக்கும் போடலாம், 13ல அடி வாங்கினாலும் அதோட கான்சன்ட்ரேஷன் உடையாது, 20ல டி6 போய் டி10 ஆகும். இருபதாவது லெவலோட பரிசு ஒரு அடிக்கு சராசரியா 2 பாயின்ட்! 2022 சோதனை வடிவத்துல கான்சன்ட்ரேஷனே தேவையில்லன்னு வச்சிருந்தாங்க, அதை கடைசியில எடுத்துட்டாங்க. அப்ப ரேஞ்சரோட நல்ல மந்திரம் எல்லாம், ஸ்பைக் க்ரோத், பாஸ் வித்தவுட் ட்ரேஸ், என்ஸ்னேரிங் ஸ்ட்ரைக், எதைப் போட்டாலும் மார்க் விழுந்துடும். கிளாஸோட ஒரு கை இன்னொரு கையப் பிடிச்சு இழுக்குது.

சரி, நான் எப்படி மாத்துவேன்னு சொல்றேன். என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான்: ரேஞ்சரோட ஒவ்வொரு அம்சமும் மேஜைக்கு ஒரு தகவலையோ ஒரு தேர்வையோ கொண்டு வரணும், ஒரு சீனை அழிக்கக்கூடாது.

முதல்ல நிலம். தேர்ந்தெடுக்குற பட்டியல தூக்கிடுங்க. ரேஞ்சர் எந்த நிலத்துல ஒரு ராத்திரி முழுசா தங்கி ஓய்வெடுக்குறாரோ, விடிஞ்சதுலேர்ந்து அது அவர் நிலம், அடுத்த வகை நிலத்துல அப்படி தங்குற வரைக்கும். அவர் நிலத்துல பயணம் பண்ற ஒவ்வொரு நாள் காலையிலயும் ஒரு சர்வைவல் ரோல், இதுக்கு எக்ஸ்பர்ட்டீஸ் இலவசமா குடுத்துடுங்க, அப்பதான் ரோக்குக்கு சமமா நிக்க முடியும். 10 தாண்டினா டிஎம் ரெண்டு வழி சொல்லணும், ஒவ்வொரு வழியப் பத்தியும் ஒரு உண்மை சொல்லணும். ஆத்தோரமா போனா அரை நாள் மிச்சம் ஆனா அங்க நேத்து ராத்திரி பெருசா ஏதோ தண்ணி குடிக்க வந்திருக்கு, மேட்டு வழியா போனா லேட்டு ஆனா தூரத்துலேர்ந்தே கோட்டை தெரியும். இந்த மாதிரி. 15 தாண்டினா ரேஞ்சர் ஒரு கேள்வி கேக்கலாம், டிஎம் நேர்மையா பதில் சொல்லணும். 20 தாண்டினா வழியில ஒரு சாதகமான இடம் கிடைக்கும், பதுங்கி அடிக்க ஏத்த பள்ளம், ஊத்து, குகை, என்னவா இருக்கணும்னு பிளேயரே சொல்லட்டும். 10 வரலன்னாலும் ரெண்டு வழியும் உண்டு, ஆனா எதப்பத்தியும் ஒண்ணும் தெரியாது, குருட்டாம்போக்குல தேர்ந்தெடுக்கணும்.

வழி தவறுறதையும் திரும்ப கொண்டு வாங்க. ரூல்படி வழி தவறின பார்ட்டிக்கு தவறிட்டோம்னே தெரியாது, அதுதான் அதோட ஆபத்து. ரேஞ்சர் கூட இருந்தா தவறின உடனே அவருக்கு தெரிஞ்சிடும், அவ்வளவுதான். "நாம வழி மாறிட்டோம், திரும்பவா, இல்ல இது எங்க போகுதுன்னு பாக்கலாமா"ன்னு அவர் வாயால கேக்குறது ஒரு சீன். யாரும் வழி தவற மாட்டாங்கங்குறது சீனே இல்ல.

இதுல டிஎம்முக்கு வேலை இருக்கு, அதை மறைக்க விரும்பல. ஒரு பயணத்துக்கு ரெண்டு வழி, நாலு உண்மை முன்கூட்டியே எழுதி வச்சிருக்கணும். எழுத ஆரம்பிச்சா சீக்கிரமே பழகிடும், ஆனா எழுதாம இந்த ரேஞ்சர் ஓட மாட்டார். பயணத்த ஒரு வரில தாண்டுற டிஎம் கையில எந்த ரேஞ்சர் டிசைனும் சாகத்தான் செய்யும், அதனால இதை முதல்ல உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு அப்புறம் மத்தத தொடுங்க. சாதாரண நடைக்கு ஒரு நாளைக்கு 24 மைல், வேகமா போனா 30, மெதுவா பதுங்கிப் போனா 18ன்னு ரூல்ல இருக்கு, அந்த மூணு நம்பரும் இப்பதான் உயிரோட வரும், ஏன்னா அரை நாள் மிச்சம்ங்குறதுக்கு ஒரு அர்த்தம் கிடைக்குது. கூடவே குட்பெர்ரி மந்திரத்தையும் கவனிங்க. ஒண்ணாவது லெவல் ஸ்லாட்டுக்கு பத்து பழம், ஒரு பழம் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாடு. உங்க பார்ட்டில ட்ரூயிட் வேற இருக்கார், பசிங்குற விஷயமே இந்தக் கதையில கிடையாதுன்னு அர்த்தம். அந்த மந்திரத்துக்கு வேண்டிய மிசில்டோ கொத்து ஒவ்வொரு தடவையும் தீந்துபோகும்னு வச்சா போதும், அதைத் தேடிப் பறிக்கணும், மந்திரத்தையே தடை பண்ண வேண்டியதில்ல.

அடுத்து தடம் பாக்குறது. இங்க டன்ஜன் வேர்ல்டுங்குற கேம்லேர்ந்து ஒரு யோசனைய எடுத்துக்கலாம். அதுல ரேஞ்சர் தடத்த பின்தொடர்ந்து போறப்ப சுமாரா உருட்டினாக்கூட, மிருகம் போற திசையிலயோ விதத்துலயோ பெரிய மாற்றம் வர்ற வரைக்கும் போயிடுவார். நல்லா உருட்டினா கூடுதலா ஒரு விஷயம், அந்த இரையப் பத்தி உபயோகமான ஒரு தகவல், இல்லனா தடம் ஏன் அங்க முடிஞ்சுதுங்குற காரணம். எவ்வளவு எளிமை பாருங்க! ரோல் சொதப்பினா கதை நின்னுபோற பிரச்சனையே இல்ல. உங்க ரேஞ்சருக்கும் அதையே குடுங்க. எத்தனை பேரு, எவ்வளவு பெருசு, எப்ப போனாங்கங்குறது தடத்தப் பாத்தாலே தெரியும், இது பழைய ரூல்ல பிடிச்ச நிலத்துல மட்டும் இருந்துச்சு, இப்ப எங்கயும். மேல ஒரு கேள்வி ரோல பொறுத்து.

எதிரி விஷயத்துல, முன்கூட்டி எழுதி வைக்குறதுக்கு பதிலா படிச்சு தெரிஞ்சுக்குறதா மாத்திடுங்க. தடம், பிணம், கூடு, எச்சம், ஏதாவது ஒண்ணை பத்து நிமிஷம் உக்காந்து பாத்தா அந்த எதிரியப் பத்தி ரெண்டு கேள்வி: எந்த சேவ் (தாக்குதல்லேர்ந்து தப்பிக்க உருட்டுற ரோல்) அதுக்கு பலவீனம், எதுக்கு தாக்குப்பிடிக்கும், எதைப் பாத்து பயப்படும், எங்க தூங்கும், இப்படி. இதுல ஒரு பெரிய லாபம் என்னன்னா தகவல் ரேஞ்சர்கிட்ட வருது ஆனா பயன் எல்லாருக்கும் போகுது, விசார்ட் எந்த மந்திரம் போடணும்னு ரேஞ்சர்கிட்ட கேக்க ஆரம்பிப்பார். அந்த ஒரு கேள்விதான் உங்க பிளேயர் இத்தன நாளா எதிர்பாத்துக்கிட்டு இருந்தது.

இப்ப மார்க். ஹன்டர்ஸ் மார்க்க மந்திரப் பட்டியல்லேர்ந்தே எடுத்துடுங்க, கிளாஸ் அம்சமா ஆக்குங்க, ரெண்டாவது லெவல்ல வைங்க, ஒரே லெவல் எடுத்துட்டு ஓடுறவங்களுக்கு கிடைக்கக்கூடாது. கான்சன்ட்ரேஷன் கிடையாது, போனஸ் ஆக்ஷன் (ஒரு டர்ன்ல கிடைக்குற சின்ன கூடுதல் ஆக்ஷன்) கிடையாது, ஸ்லாட் கிடையாது. ஒரு டர்ன்ல முதல்ல அடிபடுற எதிரி உங்க இரை ஆகும், அந்த டர்ன்ல ஒரே ஒரு தடவை கூடுதல் டைஸ். நாலாவது லெவல் வரைக்கும் டி6, அஞ்சுலேர்ந்து டி10. பெருசா தெரியுதா? கணக்கு பாருங்க. ரெண்டு அம்புல ஒண்ணாவது படுறதுக்கு வாய்ப்பு 93.75 சதவீதம், டி10 சராசரி 5.5, பெருக்கினா 5.16. பழைய மார்க் குடுத்தது 5.25. ஒரே டேமேஜ்தான், ஆனா கான்சன்ட்ரேஷனும் போனஸ் ஆக்ஷனும் கைக்கு திரும்ப வந்துடுச்சு. ரெட்டைக் கத்தி பிடிக்குறவங்களுக்கும் நிம்மதி, முன்ன மார்க் போடுற டர்ன்ல ரெண்டாவது கத்தியால அடிக்க முடியாது, ரெண்டுக்குமே போனஸ் ஆக்ஷன் வேணும். ஒரு டர்னுக்கு ஒரு தடவைன்னு நான் கறாரா சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஒவ்வொரு அடிக்கும்னு வச்சா நாளைக்கு யாராவது ஃபைட்டரோட கலந்து நாலு அஞ்சு அடி அடிப்பாங்க, அப்ப கை மீறிப் போயிடும். 11ல ரெண்டு டி8, 17ல ரெண்டு டி10ன்னு வைங்க. 11க்கு மேல மத்த போர்வீரர்கள் எகிறிப் போறப்ப ரேஞ்சர் மட்டும் தேங்கி நிக்குறது உண்மை, ஏத்தணும்னா அங்கதான் ஏத்தணும்.

பாத்ஃபைன்டர்ங்குற இன்னொரு கேமோட 2019 பதிப்பும் கிட்டத்தட்ட இதே பாதையிலதான் போச்சு. அங்க ஒரு ஆக்ஷன்ல இரைய குறிச்சுக்கலாம், அதுக்கு மந்திரமோ கான்சன்ட்ரேஷனோ கிடையாது, தேடுறதுக்கும் தடம் பாக்குறதுக்கும் கூட அதே குறி உதவும். அதை படிச்சு பாருங்க, சண்டையும் தேடலும் ஒரே அம்சத்துல கோர்த்திருக்குறது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

அடுத்து ஓநாய். இதுதான் உங்க பிளேயருக்கு தினமும் வலிக்குற இடம், அதனால கொஞ்சம் விவரமா. பழைய ரூல்ல ஓநாய் கடிக்கணும்னா ரேஞ்சர் தன்னோட ஆக்ஷன குடுக்கணும். அஞ்சாவது லெவல்லேர்ந்து கூடவே தானும் ஒரு அம்பு விடலாம். மார்க் போட்டிருந்தா ரெண்டு அம்பு 18, ஒரு அம்பும் ஓநாய் கடியும் சேந்து 15.5, பக்கத்துல நண்பர் நின்னு ஓநாய்க்கு அட்வான்டேஜ் கிடைச்சாத்தான் 18 பக்கம் வரும். அதாவது சப்கிளாஸை பயன்படுத்தினா பயன்படுத்தாதத விட கம்மி, இல்ல சமம். இதுல ஓநாய் எதிரிய கீழ தள்ளிடுச்சுன்னு வைங்க, கீழ விழுந்தவன் மேல தூரத்துலேர்ந்து அம்பு விட்டா டிஸ்அட்வான்டேஜ்! வில்லாளியோட ஓநாய் வில்லாளிக்கே இடைஞ்சல். அப்புறம் உயிர். ஓநாய்க்கு 20 ஹிட் பாயின்ட், ஒரு ஃபயர்பால் மந்திரத்தோட டேமேஜ் சராசரி 28. சேவ் போச்சுன்னா ஓநாய் போச்சு. செத்தா எட்டு மணி நேரம் செலவு பண்ணி வேற மிருகத்த பிடிச்சுக்கோன்னு ரூல் சொல்லுது, பேர் வச்சு வளத்த மிருகத்த அப்படி மாத்திக்குறவங்க யாரையும் நான் பாத்ததில்ல, அந்த அன்புக்காகத்தான் இந்த சப்கிளாஸையே எடுக்குறாங்க.

அதனால 2020 புத்தகத்துல வந்த பிரைமல் கம்பானியன அப்படியே எடுத்துக்கங்க. போனஸ் ஆக்ஷன்ல கட்டளை. நிலத்து மிருகத்துக்கு ஹிட் பாயின்ட் லெவல அஞ்சால பெருக்கி மேல அஞ்சு, அதாவது இப்ப 30. செத்து ஒரு மணி நேரத்துக்குள்ள தொட்டு ஒரு ஸ்லாட் செலவு பண்ணா ஒரு நிமிஷத்துல எழுந்துடும், அதே மிருகம். புது மார்க் போனஸ் ஆக்ஷன தின்னாததால கட்டளைக்கு அது எப்பவும் காலியா இருக்கும். இப்ப டேமேஜ் கூட்டிப் பாருங்க: ரெண்டு அம்பு 12.75, மார்க் 5.16, மிருகம் விஸ்டம் 14 வச்சு பாத்தா 5.2 பக்கம், மொத்தம் 23. புது ரூல்ல ஹன்டர் சப்கிளாஸ் 22. பழைய ஹன்டர் 22தான். யாரும் எகிறல, பீஸ்ட் மாஸ்டர் மட்டும் பள்ளத்துலேர்ந்து மேல வந்துட்டார்.

மந்திரம் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா செலவில்லாம நிறைய பலன் குடுக்குற மாற்றம் அங்கதான் இருக்கு. அஞ்சாவது லெவல் ரேஞ்சருக்கு தெரிஞ்சது நாலே மந்திரம், லெவல் ஏறும்போது ஒண்ணை மாத்தலாம். அதே லெவல் பாலடின் (சத்தியம் எடுத்த போர்வீரர் கிளாஸ்), கரிஸ்மா 16ன்னா, தினமும் அஞ்சு தேர்ந்தெடுக்கலாம், சத்தியத்தோட வர்ற நாலு தனி. ஒம்பதுக்கு நாலு! ரேஞ்சருக்கும் பாலடின் மாதிரியே விஸ்டம் கூட பாதி லெவல்னு தினமும் தயார் பண்ற முறைய குடுத்துடுங்க, ரிச்சுவல் (ஸ்லாட் செலவில்லாம நிதானமா போடுறது) போடவும் அனுமதி குடுங்க. மிருகங்களோட பேசுற மந்திரம் ரிச்சுவல்தான், ஆனா பழைய ரேஞ்சர் ஒரு அணில்கிட்ட பேசணும்னா ஸ்லாட் செலவு பண்ணணும், அதனால யாரும் பேசவே இல்ல. இப்ப பேசுவாங்க, டிஎம்முக்கு அணில் குரல்ல பேசுற வேலை வரும்.

மேல் லெவல்கள வேகமா சொல்லிடுறேன். வேனிஷ 14லேர்ந்து 6க்கு இறக்குங்க. பத்துல வர்ற, ஒரு நிமிஷம் சேறு பூசிக்கிட்டு அசையாம நிக்குற அம்சத்துக்கு பதிலா போனஸ் ஆக்ஷன்ல அடுத்த டர்ன் வரைக்கும் மறையுற நேச்சர்ஸ் வெயில போடுங்க. இருபதாவது லெவல் ஃபோ ஸ்லேயர் எழுதி வச்ச எதிரி வகைக்கு மட்டும்னு இருக்கு, அதை எந்த இரைக்கும்னு மாத்தினா போதும்.

சோதிக்குறப்ப ஒரே உக்காருதல்ல மூணு காட்சி ஓட்டுங்க, ஒரு நாள் பயணம், ஒரு பதுங்கித் தாக்குதல், ஒரு பெரிய ஒத்தை எதிரி. மூணாவதுல டேமேஜ் பாருங்க, ரெண்டாவதுல பாஸ் வித்தவுட் ட்ரேஸ பாருங்க, கான்சன்ட்ரேஷன் காலியா இருக்குறதால அது அடிக்கடி வரும், எல்லாருக்கும் ஒளியுறதுல +10, ரோக்கும் ட்ரூயிட்டும் இருக்குற பார்ட்டில ஒவ்வொரு சண்டையும் எதிரி தூங்குறப்பவே ஆரம்பிக்குற நிலைமை வரலாம். வந்தா எதிரிங்களுக்கு நாய், காவல் மணி மாதிரி ஏதாவது குடுங்க. ஒம்பதாவது லெவல்ல கான்ஜர் அனிமல்ஸ் வரும், எட்டு மிருகம் மேஜை மேல நின்னா ஒவ்வொரு ரவுண்டும் இழுத்துக்கிட்டே போகும், ரெண்டு மிருகத்துக்கு மேல வேணாம்னு முன்னாடியே பேசிடுங்க. ஆனா நீங்க உன்னிப்பா பாக்க வேண்டியது முதல் காட்சிய. மத்த பிளேயர்ஸ் ரேஞ்சர் பக்கம் திரும்பி ஏதாவது கேக்குறாங்களா, அவர் சொன்னத வச்சு தங்களுக்குள்ள வாதாடி ஒரு வழிய தேர்ந்தெடுக்குறாங்களா? அது நடந்தா டிசைன் வேலை செய்யுது. நடக்கலன்னா நீங்க எழுதின ரெண்டு வழிக்கும் நடுவுல வித்தியாசம் பத்தல, ரூல தொடாம வழிய மாத்தி எழுதுங்க.

எழுதி முடிச்சத வெளிய பகிரணும்னா ஒரு விஷயம். 2023 ஜனவரில எஸ்ஆர்டி 5.1ங்குற அடிப்படை ரூல் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வந்துடுச்சு, அதுல ரேஞ்சர் கிளாஸும் ஹன்டர் சப்கிளாஸும் இருக்கு, பேர் குறிப்பிட்டு தாராளமா மாத்தி வெளியிடலாம். பீஸ்ட் மாஸ்டரும் பிரைமல் கம்பானியனும் அதுல இல்ல, அதனால மிருகத்துக்கான எழுத்த உங்க சொந்த வார்த்தையில, சொந்த நம்பர்ல எழுதிக்கங்க. வீட்டு மேஜைக்குன்னா கவலையே வேணாம்.

கடைசியா எப்ப மாத்துறதுன்னு. ஆறாவது லெவல் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, ஏன்னா பழைய ரூல் ஆறுல இன்னொரு எதிரி வகையையும் இன்னொரு நிலத்தையும் எழுதச் சொல்லும், அதை எழுதி தன்னோட கதையோட முடிச்சுப் போட்டுட்டார்னா அப்புறம் எடுக்குறது அவருக்கு பிடிக்காது. இதுவரைக்கும் எழுதின எதிரியையும் நிலத்தையும் அழிக்க வேணாம், அந்த ஒரு எதிரி வகைக்கு மட்டும் பத்து நிமிஷம் பாக்காமலே ரெண்டு கேள்வி கேக்கலாம்னு விட்டுடுங்க. ஓநாய்க்கு அதே பேர், அதே தழும்பு, ஷீட்ல நம்பர் மட்டும் மாறட்டும்.